‘வசந்தத்தின் சடங்கு’ முதல் இரவு: பாரிஸ் அரங்கம் எதற்காகக் கூச்சலிட்டது?

மேற்கத்திய இசையைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். 1913ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஸ்ட்ராவின்ஸ்கி என்ற ரஷ்ய இசையமைப்பாளரின் புதிய இசையைக் கேட்ட மக்கள் காதைப் பொத்திக்கொண்டு கொதித்தெழுந்தார்கள், அரங்கமே கலவர பூமியானது, போலீஸ் வந்து பலரை வெளியேற்றியது என்பதுதான் அந்தக் கதை. இதில் ஒரு பகுதி உண்மை. பெருங்கூச்சல் எழுந்தது, சிலர் சிரித்தார்கள், சிலர் வசைபாடினார்கள். ஆனால், ‘இசையைக் கேட்டுக் கலவரம்’ என்று சுருக்கிச் சொல்லும்போது மிக அடிப்படையான ஒரு செய்தி விடுபட்டுப்போகிறது. அன்று நடந்தது இசைக் கச்சேரி அல்ல. ‘வசந்தத்தின் சடங்கு’ என்ற நடன நிகழ்ச்சியின் முதல் மேடையேற்றம். மேடையில் என்ன ஆடப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல், கூச்சல் எதற்காக எழுந்தது என்பதைப் புரிந்துகொள்ளவே முடியாது. இசையோ நடனமோ முன்பின் தெரியாதவர்களுக்காகவும் இதைப் படிப்படியாக விளக்க முயல்கிறேன்.

பாலேயின் இலக்கணம்

பரதநாட்டியம் பார்த்தவர்களுக்கு அரைமண்டி தெரியும். முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, பாதங்களையும் வெளிப்புறமாகத் திருப்பி, பாதி அமர்ந்த நிலையில் ஆடுவது. அந்த நிலை சரியாக அமையாவிட்டால் அதன் பிறகு வரும் அடவு எதுவும் அழகாக இருக்காது என்று ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்துவார்கள்.

ஐரோப்பிய அரசவைகளில் வளர்ந்த பாலே என்ற நடன வடிவத்துக்கும் இப்படி ஓர் அடித்தளம் உண்டு. இடுப்பு மூட்டிலிருந்தே கால்களை வெளிப்புறமாகத் திருப்பி நிற்பதுதான் அது. இதை ‘வெளித்திருப்பம்’ என்று அழைப்போம். பரதநாட்டியம் பூமியை நோக்கித் தாழ்ந்து, தட்டி ஆடும் கலை என்றால், பாலே அதற்கு நேர்மாறாகப் பூமியை விட்டு எழ முயலும் கலை. உடல் நிமிர்ந்திருக்க வேண்டும், கைகள் வளைந்து மிதக்க வேண்டும், குதித்து இறங்கும்போது சத்தமே கேட்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் பெண்கள் கால்விரல் நுனியில் நின்று ஆடும் முறையும் இதனுடன் சேர்ந்துகொண்டது. பாலே நடனக் கலைஞருக்கு எடையே இல்லை என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். எல்லாப் பயிற்சியும் அந்த மாயத்துக்காகத்தான்.

யார் நடத்தினார்கள், யார் பார்க்க வந்தார்கள்

செர்கேய் தியாகிலெவ் என்ற ரஷ்யர் 1909 முதல் ஒவ்வோர் ஆண்டும் ரஷ்ய நடனக் கலைஞர்களைப் பாரிஸுக்கு அழைத்துவந்து நிகழ்ச்சிகள் நடத்தினார். அவருடைய குழுவின் பெயர் ‘பாலே ரூஸ்’. ‘ரஷ்ய பாலே’ என்று பொருள். அவர் நடனக் கலைஞர் அல்லர், இசையமைப்பாளரும் அல்லர். யாரை யாருடன் சேர்த்தால் புதிதாக ஒன்று பிறக்கும் என்று கண்டறியும் கண் அவருக்கு இருந்தது. அவர் கண்டெடுத்தவர்களில் ஒருவர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி. 1910இல் ‘நெருப்புப் பறவை’, 1911இல் ‘பெத்ருஷ்கா’ என்ற இரண்டு பாலேக்களுக்கு இசையமைத்து அவர் பாரிஸில் புகழ்பெற்றிருந்தார். 1913 மே மாதத்தில் அவருக்கு வயது 30.

இன்னொருவர் வாஸ்லாவ் நிஜின்ஸ்கி. காற்றில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறார் என்று மக்கள் சொல்லும் அளவுக்குக் குதிப்பில் பெயர்பெற்ற நடனக் கலைஞர். அசைவுகளைத் திட்டமிட்டு அமைக்கும் பணியையும், அதாவது நடன அமைப்பையும், தியாகிலெவ் அவரிடம் ஒப்படைத்தார். 1912 மே 29 அன்று அரங்கேறிய அவருடைய முதல் படைப்பிலேயே ஒரு சர்ச்சை எழுந்து அடங்கியிருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1913 மே 29 அன்று, ‘வசந்தத்தின் சடங்கு’ மேடையேறியது.

இடம், பாரிஸின் மோந்தேன் அவென்யூவில் இருக்கும் தெஆத்ர் தெ ஷான்ஸெலிஸே. கப்ரியேல் ஆஸ்த்ருக் நடத்திய அந்த அரங்கம் திறக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வலுவூட்டப்பட்ட கான்கிரீட்டில் எழுப்பிய புத்தம்புதுக் கட்டடம். அன்றைக்கு நுழைவுக் கட்டணத்தை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். விலையுயர்ந்த இருக்கைகளில் நகை அணிந்த சீமாட்டிகளும் கனவான்களும் அமர்ந்திருந்தார்கள். புதுமை என்றாலே கைதட்டத் தயாராக இருந்த இளம் கலைஞர்களும் எழுத்தாளர்களும் அதே அரங்கில் இருந்தார்கள். இந்த இரு சாராருக்கும் ஒருவரையொருவர் ஏற்கெனவே பிடிக்காது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய நிகழ்ச்சி வரிசையும் முக்கியம். முதலில் ‘லே சில்ஃபீத்’. ஷோபேனின் இசைக்கு, நிலா வெளிச்சத்தில், வெள்ளை மெல்லாடை அணிந்த பெண்கள் மிதந்து ஆடும் பாலே அது. மேலே சொன்ன இலக்கணம் அத்தனையும் அதில் இருக்கும். கண்ணும் மனமும் அதில் ஊறியிருந்தபோதுதான் திரை விழுந்து, அடுத்ததாக ‘வசந்தத்தின் சடங்கு’ தொடங்கியது.

இதுவரை பார்த்ததைத் திரட்டிக்கொள்வோம். எடையின்மையை இலக்காகக் கொண்ட ஒரு கலை; அதைப் பார்க்க இரட்டிப்புக் கட்டணம் கொடுத்து வந்த கூட்டம்; அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஏற்கெனவே இருந்த பிளவு. ஒரு சுரம் ஒலிப்பதற்கு முன்பே அரங்கில் இவ்வளவும் இருந்தன.

கதை

கதை மிகச் சிறியது. கிறித்துவத்துக்கு முந்தைய ரஷ்யாவில் ஒரு பழங்குடிக் கூட்டம் வசந்தத்தை வரவேற்கிறது. முதல் பகுதியின் பெயர் ‘மண் வழிபாடு’. இரண்டாம் பகுதி ‘பலி’. இளம்பெண்களில் ஒருத்தி தேர்ந்தெடுக்கப்படுகிறாள். மூத்தோர் சுற்றி அமர்ந்து பார்க்க, அவள் உயிர் போகும்வரை ஆடுகிறாள். மொத்தம் ஏறத்தாழ 35 நிமிடம். காதல் இல்லை, வில்லன் இல்லை, அவளை மீட்க வரும் இளவரசனும் இல்லை.

ஸ்ட்ராவின்ஸ்கியுடன் சேர்ந்து இந்தக் கதையை வகுத்தவரும், திரைச்சீலைகளையும் உடைகளையும் வடிவமைத்தவரும் நிக்கோலஸ் ரோரிக். ஓவியராகவும் பண்டைய ஸ்லாவிய வழக்கங்களை ஆராய்ந்தவராகவும் இருந்த அவர், பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து இமாசலத்தின் குல்லு பள்ளத்தாக்கில் குடியேறி, 1947இல் அங்கேயே மறைந்தார்.

இசையில் என்ன புதுமை

இசை ஒரு தனிக் குழலில் தொடங்குகிறது. பசூன் என்ற அந்தக் கருவி இயல்பில் கனத்த, தாழ்ந்த குரல் கொண்டது. ஸ்ட்ராவின்ஸ்கி அதை அதன் உச்சத் தாயியில் வாசிக்க வைத்தார். அடிக்குரல் பாடகர் ஒருவர் தம் எல்லையை மீறி மேலே எட்டிப் பாடினால் குரலில் ஓர் இறுக்கமும் நடுக்கமும் வருமே, அப்படிப்பட்ட ஒலி. என்ன கருவி இது என்று பழகிய காதுகளே குழம்பின. அந்த மெட்டு லிதுவேனிய நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்தது.

பிறகு திரை விலகும்போது வருவதுதான் புகழ்பெற்ற பகுதி. இதைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் போதும்.

முதலாவது ‘முரண்சுரம்’. ஆர்மோனியத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒலி ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலே முரண்சுரம். மேற்கத்திய இசையில் உரசலுக்கு எப்போதும் இடம் உண்டு. ஆனால் உரசிய ஒலி விரைவில் இனிய ஒலியாகத் தணிய வேண்டும் என்பது வழக்கம். ஸ்ட்ராவின்ஸ்கி என்ன செய்தார் என்றால், இப்படி அரைச்சுர இடைவெளியில் இருக்கும் இரண்டு சுரக்கொத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தணியவே விடாமல், அதே ஒலியைத் திரும்பத் திரும்ப அடிக்கச் செய்தார். அங்கே தந்திக் கருவிகள் பாடவில்லை, பறைபோல அடித்தன.

இரண்டாவது ‘அழுத்தம்’, அதாவது தொடர்ந்து வரும் அடிகளில் ஏதேனும் ஓர் அடியை மட்டும் பலமாக ஒலிப்பது. நாம் கைத்தாளம் போடும்போது அழுத்தம் சீரான இடைவெளியில் வரும் என்று எதிர்பார்க்கிறோம். நம்மூர்த் தாள வாத்தியக்காரர்கள் எத்தனை விதமாகக் கணக்குகளைப் பிரித்தாலும், கேட்பவரின் கையில் தாளம் நிலையாக ஓடுவதால் அதை அனுபவிக்க முடிகிறது. ஸ்ட்ராவின்ஸ்கியின் இந்தப் பகுதியில் அடிகள் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன, ஆனால் அழுத்தம் எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. மேசையைத் தட்டிப் பாருங்கள். ஒரே வேகத்தில் 32 தட்டுகள். 10, 12, 18, 21, 25, 30 ஆகிய தட்டுகளை மட்டும் ஓங்கி அடியுங்கள். அந்த ஆறு இடங்களிலும் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவிகள் எட்டு சேர்ந்து முழங்குகின்றன. முதல் ஒன்பது தட்டுகள் சும்மா போகும். பிறகு இரண்டு இடைவெளியிலேயே ஓர் அடி, அப்புறம் ஆறு, மூன்று, நான்கு, ஐந்து. படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறுபடும் மாடிப்படியில் இருட்டில் இறங்குவதுபோல, எதிர்பார்த்த இடத்தில் கால் வைக்கும்போதெல்லாம் படி அங்கே இருக்காது.

பலிப்பெண்ணின் கடைசி நடனத்தில் தாளக்கட்டே அநேகமாக ஒவ்வொரு சுற்றுக்கும் மாறுகிறது. அந்தப் பகுதியைத் தம்மால் வாசிக்க முடிந்ததே தவிர, எப்படி எழுதுவது என்று முதலில் தெரியவில்லை என்று ஸ்ட்ராவின்ஸ்கியே பின்னர் சொன்னார்.

நடனத்தில் என்ன புதுமை

என் பார்வையில் இதுதான் கட்டுரையின் நெஞ்சுப் பகுதி. பரவலாகச் சொல்லப்படும் கதையில் காணாமல் போனதும் இதுதான்.

நிஜின்ஸ்கி பாலேயின் இலக்கணத்தைத் தளர்த்தவில்லை; தலைகீழாக்கினார். வெளித்திருப்பத்துக்குப் பதிலாகப் பாதங்கள் உள்நோக்கித் திரும்பின, பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்த்தன. முழங்கால்கள் மடங்கி ஒட்டியிருந்தன. முதுகு கூனியது, கைகள் முஷ்டியாக இறுகின, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, கன்னத்தைக் கை தாங்கியது. குதித்தார்கள், ஆனால் மேலே எழுவதற்காக அல்ல, முழுப் பாதமும் தரையில் ‘தொம்’ என்று விழுவதற்காக. எடையே இல்லை என்று காட்டப் பிறந்த கலையில், எடையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் அரைமண்டி பயின்ற பெண்களைச் சபா மேடையில் வரிசையாக நிறுத்தி, முழங்கால்களை ஒட்டிவைத்துக் கூனிக் குதிக்கச் சொன்னால் முதல் வரிசையில் இருப்பவர்களின் முகம் எப்படி மாறும் என்று எண்ணிப் பாருங்கள். காற்றில் நிற்பவர் என்று கொண்டாடப்பட்ட ஒருவரே இதை அமைத்திருந்தார் என்பது அதிர்ச்சியைக் கூட்டியது.

ஆடியவர்களுக்கும் இது கொடுமையாகவே இருந்தது. பயிற்சி பெற்ற உடல் ஒவ்வொரு கணமும் வெளியே திரும்பத் துடிக்கும். அதை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். கம்பளித் துணியில் தைத்த கனத்த உடைகள் வேறு. தாளத்தைப் பிடிக்க முடியாமல் எண்ணிக்கொண்டே ஆடினார்கள். மேடையில் ஒரு குழுவின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க, பக்கத்துக் குழுவுக்கு வேறாக இருந்தது. அவர்களுக்குத் தாளம் சொல்லித்தர மரீ ராம்பெர்ட் என்ற இளம்பெண்ணைத் தியாகிலெவ் அமர்த்தியிருந்தார். நடனக் கலைஞர்கள் அவருக்கு ‘ரித்மிச்கா’, அதாவது தாளக்காரி, என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

ஆக, இசை காதின் எதிர்பார்ப்பைக் குலைத்தது. நடனம் கண்ணின் எதிர்பார்ப்பைக் குலைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே தரையதிர்வில் வந்து சேர்ந்தன.

அன்று இரவு நடந்தது

பசூன் ஒலித்தபோதே மெல்லிய சிரிப்பு கிளம்பிவிட்டதாக ஸ்ட்ராவின்ஸ்கி நினைவுகூர்ந்திருக்கிறார். ஆகவே இசைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் திரை விலகி, நீண்ட சடை தொங்க, முழங்கால் ஒட்டக் குதிக்கும் பெண்களின் வரிசை தெரிந்ததும்தான் அது பெருங்கூச்சலானது. கன்னத்தில் கைவைத்து நின்ற பெண்களைப் பார்த்து, “டாக்டரைக் கூப்பிடுங்கள்!” “பல் டாக்டர்!” “இரண்டு பல் டாக்டர்!” என்று குரல்கள் எழுந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆதரவாளர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். ஒரு கட்டத்தில் மேடையை எதிர்த்த கூச்சலைவிட, பார்வையாளர்கள் ஒருவரையொருவர் நோக்கிப் போட்ட கூச்சலே அதிகம்.

இசைக்குழுவின் ஓசை மேடைக்கு எட்டவில்லை. நிஜின்ஸ்கி மேடையோரத் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் ஏறி நின்று எண்ணிக்கையை உரக்கக் கத்தினார். ரஷ்ய மொழியில் பத்துக்கு மேற்பட்ட எண்கள் நீளமானவை. தமிழிலேயே ஏழு, எட்டு என்று சொல்லும் வேகத்தில் பதினேழு, பதினெட்டு என்று சொல்லிப் பாருங்கள், அந்தத் திண்டாட்டம் புரியும். அவர் தடுமாறி மேடைக்குள் போய்விடாமல் இருக்க ஸ்ட்ராவின்ஸ்கி பின்னாலிருந்து அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தியாகிலெவ் கூட்டத்தை அடக்க அரங்க விளக்குகளை ஏற்றி ஏற்றி அணைக்கச் சொன்னார்.

கீழே இசைக்குழுவை நடத்திய பியர் மோந்தே மட்டும் அசையவில்லை. அந்த இசை தமக்குப் பிடித்ததே இல்லை என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். ஆனாலும் ஒரு சுரத்தையும் விடாமல் கடைசிவரை நடத்தி முடித்தார். நடனம் ஒரு கணமும் நிற்கவில்லை. மரியா பில்ட்ஸ் ஆடிய இறுதிப் பலி நடனத்தை அரங்கம் ஓரளவு அமைதியாகவே பார்த்தது என்ற குறிப்புகளும் உண்டு. முடிந்ததும் கலைஞர்களைப் பலமுறை திரைக்கு முன்னால் அழைத்துக் கைதட்டினார்கள். இடைவேளைக்குப் பின் மீதி நிகழ்ச்சியும் திட்டமிட்டபடி நடந்தது. கலவரம் நடந்த அரங்கில் இது சாத்தியமா என்று யோசிக்க வேண்டும்.

போலீஸ் வந்து 40 பேரை வெளியேற்றியது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூத்த இசையமைப்பாளர் சேன் சான்ஸ், பசூனைக் கேட்டவுடன் எழுந்து போனார் என்பதும் அப்படித்தான். அவர் அன்று அரங்கில் இருக்கவே இல்லை என்று ஸ்ட்ராவின்ஸ்கியே மறுத்திருக்கிறார். முதல் இரவைக் கண்டதாக எழுதிய அமெரிக்க விமர்சகர் கார்ல் வான் வெக்டன் உண்மையில் பார்த்தது ஜூன் 2 அன்று நடந்த இரண்டாவது நிகழ்ச்சியைத்தான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. புகழ்பெற்ற இரவில் தாமும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஆசை, நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி எழுதிவிடுகிறது.

இசையா, நடனமா, கூட்டமா

ஒரு வீட்டில் சாம்பார் கெட்டுப்போனால், பருப்பா, புளியா, பாத்திரமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தால்தான் காரணம் தெரியும். நல்லவேளையாக, வரலாறு நமக்காக அப்படிச் சில சோதனைகளைச் செய்து வைத்திருக்கிறது.

மே 28 அன்று, அழைக்கப்பட்டவர்கள் முன்னிலையில் முழு ஒத்திகை நடந்தது. அதே இசை, அதே நடனம், கூட்டம் மட்டும் வேறு. அது அமைதியாக முடிந்தது. ஜூலை மாதம் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் அதே இசையும் நடனமும் மீண்டும் வந்தன. விமர்சனம் இருந்தது, பாரிஸின் கூச்சல் இல்லை. 1914 ஏப்ரல் 5 அன்று அதே மோந்தே பாரிஸிலேயே இந்த இசையை நடனமின்றிக் கச்சேரியாக நடத்தினார். முடிவில் ரசிகர்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். வந்தவர்கள் ஓராண்டுப் பரபரப்பைக் கேட்டு, மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்தவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் நடனத்தை நீக்கியவுடன் எதிர்ப்பும் நீங்கியது என்பது சாதாரணச் செய்தி அல்ல.

1913 மே 29க்குப் பிந்தைய நாள்களின் பத்திரிகைகளிலும் நடனத்தைப் பற்றிய கோபம் மிகுதி. பிரெஞ்சுத் தலைப்பில் சடங்கைக் குறிக்கும் ‘சாக்ர்’ என்ற சொல்லை ‘மசாக்ர்’, அதாவது படுகொலை, என்று மாற்றிச் சிலேடை செய்தார்கள். இசையைப் பற்றிக் குறைவாக எழுதியதற்கு எளிய காரணமும் உண்டு: கூச்சலில் அது சரியாகக் காதில் விழவே இல்லை.

பழி நிஜின்ஸ்கிக்கு

இசை வென்றது. உலகின் இசைக்குழுக்கள் எல்லாம் இன்று அதை வாசிக்கின்றன. நிஜின்ஸ்கியின் நடனமோ பத்து முறைகூட மேடையேறாமல் மறைந்தது. 1913 செப்டம்பரில் அவர் திருமணம் செய்துகொண்டதும் தியாகிலெவ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். 1920இல் இந்தப் படைப்பை மீண்டும் மேடையேற்றியபோது பழைய அசைவுகள் யாருக்கும் முழுதாக நினைவில்லை. லெயோனீத் மஸீன் புதிதாக அமைத்தார். 1930களில் வெளியான தம் தன்வரலாற்றில் ஸ்ட்ராவின்ஸ்கி, நிஜின்ஸ்கிக்கு இசையறிவே இல்லை என்ற பொருள்பட எழுதினார். மறுத்துப் பேச நிஜின்ஸ்கியால் முடியவில்லை. 1919 முதல் மனநோயில் மூழ்கிய அவர், 1950இல் லண்டனில் இறந்தார். ‘இசையால் வந்த கலவரம்’ என்ற கதை நிலைபெற்றதும், நடனத்தின் பெயர் அதிலிருந்து நழுவியதும் இப்படித்தான். இது ஒரு பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பிறகு மில்லிசென்ட் ஹாட்சன் என்ற நடன ஆய்வாளரும் கென்னத் ஆர்ச்சர் என்ற கலை வரலாற்றாய்வாளரும் பல ஆண்டுகள் உழைத்து அந்த நடனத்தின் தடயங்களைத் தேடிச் சேர்த்தார்கள். இசை எழுதப்பட்ட பிரதியின் ஓரத்தில் ராம்பெர்ட் எழுதிவைத்த குறிப்புகள், ரோரிக்கின் உடைகள், கோபத்தில் எழுதப்பட்ட விமர்சனங்கள் எல்லாம் உதவின. எதிர்த்தவர்கள் ஒவ்வொரு ‘அசிங்கத்தையும்’ நுணுக்கமாக விவரித்திருந்ததால், அவர்களும் சாட்சிகளானார்கள். 1987இல் ஜாஃப்ரி பாலே குழு லாஸ் ஏஞ்சலஸில் அந்த மீட்டுருவாக்கத்தை மேடையேற்றியது.

அவர்களுக்குக் கிடைத்தவற்றில் வாலன்டீன் கிராஸ் என்ற இளம் பிரெஞ்சு ஓவியரின் கோட்டோவியங்களும் உண்டு. நடனம் நடக்கும்போதே விரைவாகக் கிறுக்கியவை. முகங்கள் அவற்றில் தெளிவாக இல்லை. வளைந்த முதுகும், மடங்கிய முழங்காலும், ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு பாதங்களும் மட்டும் தெரிகின்றன.